மாமாவுக்கு, வெளிச்ச மருந்து பற்றி

பெங்களூரு
மாசி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் நேற்று வந்து சேர்ந்தன. போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்றுதான் கடிதம் போட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. "ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் புற்று மட்டும் செத்துப்போகுமாம், கத்தியே வேண்டாமாம். நீதான் லேசரோடு வேலை செய்கிறவள் ஆயிற்றே, இது நிஜமா என்று சொல்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான் மாமா. ஆனால் உங்கள் கன்னத்தில் இருப்பதற்கு அறுவை சிகிச்சைதான் வேண்டும். புதுச்சேரியில் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம் தெரியாமல் எதையும் ஏற்காதவர் நீங்கள் என்பதால் காரணத்தை விரிவாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் வெளிச்சம் சதைக்குள் என்ன செய்யும், எதுவரை போகும் என்பது என் தொழில். உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கதை மியூனிக் நகரத்தில் தொடங்குகிறது. 1897-98 குளிர்காலத்தில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். அக்ரிடின் என்ற சாயத்தில் பாரமீசியத்தைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் சாகும் என்று பார்ப்பது அவர் வேலை. நீங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் குட்டைத் தண்ணீரை வைத்துக் காட்டுவீர்களே, அதே பாரமீசியம்தான். அதே அளவு சாயம், அதே உயிரி. ஆனால் ஒரு நாள் சீக்கிரமே செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. கணக்கு ஒத்துவரவில்லை. சோதனை தப்பு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் இரண்டு நாட்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தார். ஒரு நாள் இடியும் மழையுமாக வானம் இருண்டு கிடந்தது, வெளிச்சம் குறைவு. அன்றுதான் அவை பிழைத்திருந்தன. சாயத்தை மட்டும் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தபோதுதான் சாவு விரைந்து வந்தது. 1900இல் இதை அச்சிட்டார். மூன்று வருடத்தில் டாப்பைனர் தோல் புற்று இருந்தவர்களுக்கு இயோசின் என்ற சாயத்தைப் பூசி வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டார்.

ஆக, உங்கள் பத்திரிகை "புத்தம் புதிய கண்டுபிடிப்பு" என்று எழுதியிருப்பதற்கு 120 வயதுக்கு மேலாகிறது. இவ்வளவு பழைய ஒன்று ஏன் இன்னும் எல்லாப் புற்றுக்கும் மருந்தாகவில்லை என்ற கேள்வி உடனே உங்களுக்கு எழும். எனக்கும் எழுந்தது.

முதலில் அது எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம். மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. புற்றுத் திசு அதைக் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொள்கிறது, கொஞ்சம் அதிக நேரம் வைத்துக்கொள்கிறது. இருட்டில் மருந்தால் பெரிய கேடு இல்லை. அந்தச் சிவப்பு வெளிச்சமும் தனியாக யாரையும் சுடாது. மருந்தின் மேல் அதற்கு ஏற்ற நிறத்து வெளிச்சம் விழுந்தால், மருந்து அந்த ஆற்றலை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜன், செல்லின் சவ்வையும் புரதங்களையும் தாக்கிச் சிதைக்கிறது. செல்லுக்குள் அதன் ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு. அதற்குள் அது போகக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறந்த செல்லைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போக அதற்கு நேரமே கிடையாது. மருந்து, வெளிச்சம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால்தான் கொலை. இந்தத் துறையில் எத்தனை வருடம் இருந்தாலும் இதை நினைக்கும்போது எனக்குள் ஒரு பரவசம் வரும். வெட்டாமல், சுற்றியிருப்பதைக் கெடுக்காமல், வெளிச்சம் தொட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து. ஆறிய பிறகு தழும்பும் குறைவு. தேவைப்பட்டால் அதே இடத்தில் மறுபடி செய்யலாம்.

வெளிச்சம் தொட்ட இடம் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. 1912இல் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த மருந்துகளின் மூதாதையான ஹெமட்டோபார்ஃபைரினை 200 மில்லிகிராம் தன் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் அடையாளம் தெரியாமல் வீங்கின. வெயில் பட்டால் தாங்காத அந்த உடம்பு தேற இரண்டு மாதம் போல ஆயிற்று. இன்றைக்கும் ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்தைப் போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது வெயிலுக்கு ஒளிந்து வாழ வேண்டும். காலையில் மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றிவராவிட்டால் சோறு இறங்காத உங்களுக்குச் செஞ்சி வெயிலுக்கு ஒளிவதே பெரிய தண்டனை.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிலையத்தில் தாமஸ் டகர்ட்டி என்பவர்தான் இதை முறையான மருத்துவமாக நிலைநாட்டினார். 1978இல் 25 நோயாளிகளின் 113 கட்டிகளைப் பற்றி எழுதினார். இரண்டைத் தவிர எல்லாக் கட்டிகளும் முழுதாகவோ பாதியாகவோ கரைந்தன. பெரும்பாலும் தோலில் இருந்த கட்டிகள். 1993இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995இல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுக்கும் ஃபோட்டோஃப்ரினுக்கு அனுமதி கொடுத்தன. இந்த இடங்களைப் பாருங்கள் மாமா: தோல், சிறுநீர்ப்பையின் உட்சுவர், உணவுக்குழாய். எல்லாமே வெளிச்சத்தை நேராகக் காட்டக்கூடிய மேற்பரப்புகள்.

கார்போகரிசி நினைவிருக்கிறதா? ஆயாவுக்குக் காலில் வெண்படை வந்தபோது செஞ்சி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்து அரைத்துப் பூசி, காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை கொப்புளம் போட்டுவிட்டது. அந்த விதையில் சோராலென் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். வந்தால் செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். எகிப்தில் நைல் கரைச் செடி ஒன்றிலிருந்து இதே குடும்பத்து மருந்தைப் பிரித்தெடுத்து வெண்படைக்குக் கொடுத்தார்கள். 1987இல் யேல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் எடல்சன், தோலில் வரும் ஒருவகை ரத்த அணுப் புற்றுக்கு அதைக் கொண்டுபோனார். நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சோராலென் ஏறிய அந்த அணுக்களுக்குப் புற ஊதா வெளிச்சம் காட்டி, திரும்ப உடம்புக்குள் விடுவது. மறு வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் வீட்டுத் திண்ணையில் இருந்த அறிவுக்கும் இந்த மருத்துவத்துக்கும் இரத்த உறவு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் தயவுசெய்து யார் சொன்னாலும் அதை அரைத்து வாயில் வைத்துவிடாதீர்கள். மஞ்சளும் அப்படித்தான். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தி குழுவினர் மஞ்சளில் இருக்கும் குர்குமினை உலோகத்தோடு பிணைத்து, வெளிச்சத்தில் புற்றுச் செல்லைக் கொல்லும் சேர்மங்கள் செய்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அது தட்டில் வளர்த்த செல்களில் செய்தது. தட்டிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளம்.

இப்போது உங்கள் கன்னத்துக்கு வருகிறேன்.

மின்சாரம் போன ராத்திரிகளில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, விரல் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று எங்களைக் கேட்பீர்கள். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது என்று நீங்களே சொல்லியும் கொடுத்தீர்கள். அதனால்தான் இந்த மருத்துவத்தில் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 630 நானோமீட்டர் சிவப்பு. ஆனால் விரலைத் தாண்டி வருவது மங்கிய மிச்சம் மட்டும்தான். புற்றைக் கொல்லும் அளவுக்குப் பலத்தோடு அது சதைக்குள் போவது சில மில்லிமீட்டர். மிகத் தாராளமாகச் சொன்னால் ஒரு சென்டிமீட்டர். சதை ஒளியைச் சிதறடிக்கும், ரத்தம் குடிக்கும். வெளியிலிருந்து வெளிச்சம் காட்டும் எந்தக் கருவியாலும் இதை ஏமாற்ற முடியாது. அதிக வெளிச்சம் காட்டினால் மேலே இருப்பது வெந்துபோகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் எம்ஆர்ஐ அறிக்கையில் ஆழம் 7 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. வாய்ப் புற்றில் அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்று கண்டுதான், உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றும் நிலைப் பட்டியலில் ஆழத்தையும் சேர்த்தார்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது முதல் நிலைக் கட்டி இல்லை. ஆழம் கூடக்கூட, கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் புற்று விதை போயிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. தடவிப் பார்த்தால் தெரியாது, ஸ்கேனிலும் சில சமயம் தெரியாது. உங்களுக்கு இப்போது கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது நல்ல செய்தி. அதை நம்பிக் கழுத்தை விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி.

இதற்கு உலகத்துக்கே விடை சொன்னது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. அனில் டிக்ரூஸ் தலைமையில் 2004 முதல் பத்து வருடம் நடந்த ஆய்வு. உங்களைப் போலவே சிறிய வாய்ப் புற்று, கழுத்தில் எதுவும் தெரியாத நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வாயில் அறுவை செய்யும்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மறுபாதிப் பேருக்குக் கட்டி வெளிப்பட்டால் அப்போது எடுத்தார்கள். 2015இல் 500 பேரின் முடிவு வெளிவந்தது. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு, பதின்மூன்று உயிர் மாமா. கழுத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் "இல்லாத நோய்க்கு ஏன் அறுக்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன. கன்னத்தில் காட்டும் சிவப்பு வெளிச்சம் கழுத்துக்குப் போகாது. நான் அறுவை சிகிச்சை என்று முதல் வரியிலேயே சொன்னதற்கு இதுதான் முழுக் காரணம்.

அதே ஆய்வில் மிக மெலிந்த, 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் புற்றுகளில் அந்த நன்மை தெளிவாகத் தெரியவில்லை. வெளிச்ச மருந்துக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைச் செய்துகாட்டியவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த தய்யபா ஹசன், கண்ணின் விழித்திரைக் கோளாறுக்கு வெளிச்ச மருந்து வரக் காரணமானவர். அவரும் பாஸ்டனைச் சேர்ந்த ஜொனாதன் செல்லியும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி டாக்டர்களோடு சேர்ந்து, லட்சக்கணக்கில் விலை பிடிக்கும் லேசருக்குப் பதிலாக, பேட்டரியில் ஓடும் சிவப்பு எல்இடி விளக்கைச் செய்தார்கள். வாய்க்குள் நுழைகிற அளவில் முனைகள். நோயாளிக்கு அமினோலெவுலினிக் அமிலம் என்பதைக் குடிக்கக் கொடுப்பார்கள். நம் உடம்பே ரத்தச் சிவப்பு செய்யப் பயன்படுத்தும் பொருள் அது. புற்றுச் செல் அதைப் பாதியில் நிறுத்தி, ஒளியை வாங்கும் பார்ஃபைரினாகச் சேர்த்துவைக்கும். நீல வெளிச்சம் காட்டினால் அந்த இடம் சிவந்து ஒளிரும். செல்போன் கேமராவிலேயே எல்லை தெரியும். பிறகு சிவப்பு வெளிச்சம். மருந்து ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், மாதக்கணக்கில் இருட்டறை வேண்டாம். மேலோட்டமான ஆரம்பப் புற்று இருந்த சுமார் முப்பது பேருக்குச் செய்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் புற்று மறைந்தது. சின்ன ஆய்வுதான், நெடுநாள் கணக்கு இன்னும் வேண்டும். ஆனால் 2022இல் மட்டும் நம் நாட்டில் 1,40,000 பேருக்கு மேல் உதடு, வாய்ப் புற்று புதிதாக வந்ததாக மதிப்பீடு இருக்கும்போது, மின்சாரம் போனாலும் நிற்காத ஒரு விளக்கின் அருமை உங்களைப் போன்ற தொண்டூர்க்காரருக்குத்தான் தெரியும். இது தாலுக்கா ஆஸ்பத்திரிவரை வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

உங்கள் பத்திரிகைத் துண்டில் இருப்பது ஜப்பான் மருந்து. ஹிசட்டாகா கோபயாஷி என்பவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் உருவாக்கியது. புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளின் முதுகில் சாயத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். மறுநாள் கண்ணாடி இழை வழியே 690 நானோமீட்டர் வெளிச்சம். பழைய மருந்துகளைவிட இலக்கு துல்லியம். இழையைக் கட்டிக்குள்ளேயே செருகலாம் என்பதால் ஆழமும் கூடுதல். 2020 செப்டம்பரில் ஜப்பான் அனுமதித்தது. யாருக்கு என்பதைத்தான் பத்திரிகை விட்டுவிட்டது: தலை, கழுத்துப் புற்று வந்து, அறுவை செய்து எடுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, நோய் திரும்பி வந்தவர்களுக்கு. உங்களுக்கு எடுக்க முடியும். அந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது இல்லாதவர்களுக்கான வழியை நாம் தேட வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசியில், அடித்து மறுபடி எழுதியிருந்த ஒரு வரியைப் படித்தேன். பேச்சு போய்விடுமோ என்ற பயம். முப்பது வருடம் வகுப்பில் பேசியவருக்கு அந்தப் பயம் வராமல் இருக்காது. மலை மேல் சமணப் படுக்கைகளுக்கு எங்களைக் கூட்டிப்போய், காலைச் சாய்வெயிலில் பிராமி எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு நீங்கள் படித்துக்காட்டிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அது எங்களுக்கும் வேண்டும் மாமா. உங்கள் கட்டி கன்னத்தில் இருக்கிறது, நாக்கில் இல்லை. எடுத்த இடத்தில் கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலெடுத்து வைத்து மூடுவார்கள். முதல் வாரங்கள் கஷ்டம்தான், மூக்குவழிக் குழாயில் சாப்பாடு, வீக்கம், தெளிவில்லாத பேச்சு. வாய் திறக்கும் பயிற்சியைத் தவறாமல் செய்தால் பெரும்பகுதி திரும்பும். கதிர்வீச்சு வேண்டுமா என்பது எடுத்ததைச் சோதித்த பிறகு தெரியும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். கழுத்தில் எந்த அளவுக்கு நெறிக்கட்டிகளை எடுப்பார்கள்? கதிர்வீச்சு வந்தால் எந்தப் பற்களை முன்னாலேயே பிடுங்க வேண்டும்? பேச்சுப் பயிற்சி தருபவரை எப்போது பார்க்கலாம்? இடது கன்னத்தில் இருப்பதாக நீங்கள் எழுதியிருந்த வெள்ளைப் படலத்தையும் கட்டாயம் காட்டுங்கள். புகையிலை பட்ட வாய் முழுக்கவே புண்பட்ட நிலம்தான், புற்று ஒரே இடத்தில் மட்டும் முளைக்கும் என்று நம்ப முடியாது. அந்தப் படலம் மெலிதாக இருந்தால், பின்னால் ஒரு நாள் வெளிச்ச மருத்துவம் அதற்குப் பொருந்துமா என்று அவரிடம் தாராளமாகக் கேட்கலாம். அப்போது எங்கே செய்கிறார்கள் என்று தேடித் தருவது என் பொறுப்பு.

சுருக்குப்பையை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். வெற்றிலை மட்டும் போடுகிறேன் என்ற பேரமும் வேண்டாம், பாக்கும் புற்றை உண்டாக்குவதுதான். அத்தையிடம் நோயின் பெயரையும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று அம்மா சொல்கிறாள். நீங்கள் சொல்லவில்லையே என்பதுதான் அவர்களுக்கு வலி.

வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி விடியற்காலை செஞ்சியில் இறங்கிவிடுவேன். அறுவைக்கு முன்னும் பின்னுமாக லீவு சொல்லிவிட்டேன். எம்ஆர்ஐ படம், பயாப்சி அறிக்கை, ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் மறக்காதீர்கள். மல்லாட்டை பிடுங்க ஆள் பார்ப்பதைத் தம்பி கவனித்துக்கொள்வான், அவனிடம் பேசிவிட்டேன்.

உங்கள் அன்பு அக்கா மகள்